வாற்கோதுமைக் கலவை: அடுக்களையில் ஒரு தமிழ்ப் பாடம்

 

ஆண்டு விழா மலரில் இலக்கணக் கட்டுரையையோ புலவர் ஒருவரின் வரலாற்றையோ எதிர்பார்த்து இப்பக்கத்தைத் திறந்தவர்கள், ஓர் உணவின் செய்முறையைக் கண்டு வியக்கக்கூடும். எனினும் இதுவும் பாடமே. இதில் இலக்கணமும் உண்டு; அறிவியலும் உண்டு; முடிவில் நான்கு பேர் வயிறார உண்பதற்கு உணவும் உண்டு.

தாயகத்திற் பாடசாலை ஆசிரியராக இருந்த காலத்தில், தமிழை எங்கே பேசுவது என்ற கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. வகுப்பறைக்கு வெளியே தெரு இருந்தது. தெருவிற் கடை இருந்தது. கடையில் தமிழ் இருந்தது. நோர்வேயில் நிலைமை வேறு. வாரத்தில் ஒருநாள், சில மணி நேரம், நாங்கள் உங்களுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். எஞ்சிய நேரமெல்லாம் வீடே பள்ளி. அந்த வீட்டினுள்ளும் எந்நாளும் வேலை நடக்கும் வகுப்பறை அடுக்களையே. ஆகவே இவ்வாண்டுப் பாடத்தை அங்கேயே நடத்த விரும்புகிறேன்.

இருவருக்கும் புதிய ஓர் உணவு

"பிள்ளைக்குத் தமிழ் விளங்குகிறது, மறுமொழி மட்டும் நோர்வே மொழியில் வருகிறது" என்பது பெற்றோர் பலர் எம்மிடம் கூறும் குறை. இதற்குப் பிள்ளையின் பிடிவாதம் மட்டும் காரணமன்று. பேசுவதற்குப் பொருள் வேண்டும். பேச வேண்டிய தேவையும் வேண்டும்.

அம்மா குழம்பு வைக்கும்போது கவனியுங்கள். அவருக்கு எல்லாம் தெரியும். அளவு கைக்குத் தெரியும். பதம் மூக்குக்குத் தெரியும். அருகில் நிற்கும் பிள்ளைக்குச் செய்வதற்கும் சொல்வதற்கும் எதுவும் இல்லை. பிள்ளை பீற்சா செய்யும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அம்மா விலகி நிற்கிறார். பேச்சும் நோர்வே மொழிக்கு மாறிவிடுகிறது.

இருவருக்கும் புதிதாகிய மூன்றாவது வகை உணவு ஒன்று உண்டு. அதன் பொதியிலுள்ள நோர்வே மொழிக் குறிப்பைப் பிள்ளை வாசிக்க வேண்டும். வெந்ததா, உப்புப் போதுமா, கருகுகிறதா என்பதை அம்மாவோ அப்பாவோ பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரின்றி மற்றவரால் முடியாது. அங்கே கேள்வி பிறக்கிறது. கேள்வியிலிருந்து பேச்சுப் பிறக்கிறது. நான் தெரிந்தெடுத்த உணவு அத்தகையது: அவித்த வாற்கோதுமையோடு போறணையிற் சுட்ட மரக்கறிகளைக் கலந்து, தேசிக்காய்ப் புளியும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டும் ஓர் எளிய கலவை. சாலட் என்று பலரும் சொல்வதும் இதையே.

இதற்கு வேறொரு பயனும் உண்டு. நோர்வேயிற் பெரும்பாலான பாடசாலைகளில் மதிய உணவு வழங்கப்படுவதில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து உணவுப்பொதி கொண்டு செல்கின்றனர். 1930களில் ஒஸ்லோப் பாடசாலைகளில் "ஒஸ்லோக் காலையுணவு" என்ற பெயரில் முழுத்தானியப் பாண், பால், பழம் அல்லது பச்சைக் கரட் ஆகியவற்றை இலவசமாக வழங்கினர். சூடாக்காத எளிய உணவும் பிள்ளையை வளர்க்கும் என்ற அந்த எண்ணமே பின்னர் உணவுப்பொதி வழக்கத்தையும் தாங்கி நின்றது. நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் இடர். சோறும் கறியும் ஆறினாற் சுவை குன்றும்; சோறு விறைத்துவிடும். இக்கலவையோ ஆறிய பின்னும் சுவை குன்றாது.

பெயரை அறிதல்

ஓர் உணவைச் சமைக்குமுன் அதன் பெயரை அறிவது நன்று. நோர்வேயில் "பிக்" என்று கூறப்படும் தானியத்தை நாம் பார்லி என்கிறோம். நம் வீடுகளிற் காய்ச்சல் வந்தவருக்குப் பார்லித் தண்ணீர் கொடுப்பதைப் பெரியோர் நினைவுகூர்வர். இதன் தமிழ்ப் பெயர் வாற்கோதுமை.

வால் + கோதுமை = வாற்கோதுமை. இதன் கதிரில் ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட கூர் ஒன்று வால்போல நீட்டி நிற்கும். கதிரைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றனர். இங்கு இலக்கணத்தையும் கவனியுங்கள். வேற்றுமைப் புணர்ச்சியில், நிலைமொழியின் ஈற்றில் நிற்கும் லகர மெய், வருமொழி முதலில் க, ச, ப வரும்போது றகர மெய்யாகத் திரியும். பால் + குடம் = பாற்குடம்; பால் + சோறு = பாற்சோறு. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த விதி, கடையில் வாங்கும் பொதியினுள்ளும் இருக்கிறது.

தானியம் என்ற சொல்லுக்கு ஈடாகக் கூலம் என்ற சொல் தமிழில் உண்டு. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் "கூலவாணிகன்" என்ற அடைமொழியோடு அழைக்கப்படுகிறார். தானியம் விற்ற வணிகர் என்பது அதன் பொருள். நம் முன்னோர் நெல்லை மட்டும் உண்டவர்களும் அல்லர். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக உணவையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தினையும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல்லும் உரியன என்று உரைகள் கூறுகின்றன. நிலம் மாறினால் உணவும் மாறும் என்பதே இதன் உட்பொருள்.

நோர்வேயின் நிலத்துக்குப் பல நூற்றாண்டுகளாக உரிய கூலங்கள் வாற்கோதுமையும் ஓட்ஸும் ஆகும். கோடை குறுகியது, குளிர் மிகுந்தது. கோதுமை முற்றுவதற்கு அரிதான வடபகுதியிலும் வாற்கோதுமை விரைவில் விளைந்துவிடும். இந்நாட்டு மக்கள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சினர். மெல்லிய தட்டை ரொட்டியாகச் சுட்டனர். இன்று இங்கு விளையும் வாற்கோதுமையிற் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகிறது. எனினும் சிறு பொதிகளாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது.

வேண்டிய பொருள்கள் (4 பேருக்கு)

முத்துப்போலத் தீட்டிய வாற்கோதுமை: 200 கிராம்
நீர்: 1¼ லீற்றர்
கரட்: 2
பீற்றூட்: நடுத்தர அளவில் 1
பூசணிக்காய்: 300 கிராம்
சிவப்பு வெங்காயம்: 2
உள்ளி: தோலுடன் 4 பல்லு
அவித்த கொண்டைக்கடலை: 1 கோப்பை
ஒலிவ் எண்ணெய்: 6 மேசைக்கரண்டி
தேசிக்காய்ப் புளி: 2 மேசைக்கரண்டி
தேன்: 1 தேக்கரண்டி
சீரகம்: 1 தேக்கரண்டி
மிளகுதூள், உப்பு: அளவாக
மல்லியிலை: ஒரு பிடி

பூசணிக்காய் கிடைக்காத காலத்தில் "கோல்ருட்" என்னும் மஞ்சட் கிழங்கைச் சேர்க்கலாம். உயிர்ச்சத்து சி மிகுந்திருப்பதால் இந்நாட்டவர் அதனை "வடக்கின் தோடம்பழம்" என்று அழைப்பர். குளிர்காலத்திலும் மலிவாகக் கிடைக்கும்.

செய்முறை

முதலாம் படி: கூலத்தை வறுத்து அவித்தல்

வாற்கோதுமையை இருமுறை கழுவி, நீரை நன்றாக வடித்துவிடுங்கள். அடி தடித்த பாத்திரத்தில், எண்ணெய் இல்லாமல், நடுத்தர வெப்பத்தில் 4 அல்லது 5 நிமிடம் கிளறி வறுத்தெடுங்கள். பயறு வறுக்கும்போது எழுவது போன்ற வாசனை வரும்போது நிறுத்துக. பின்னர் நீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் வெப்பத்தைக் குறைத்து, 25 முதல் 30 நிமிடம் வரை அவிய விடுங்கள். தீட்டாத முழு மணியாயின் முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அவிவதற்கும் கூடுதலான நேரம் எடுக்கும். பொதியிலுள்ள குறிப்பை இவ்விடத்திற் பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும்.

வெந்ததா என்று அறியக் கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது. நாலைந்து மணிகளை எடுத்து ஊதிக் கடித்துப் பாருங்கள். "இன்னும் வேகேல்லை பிள்ளை, நடுவிலை கடிபடுது" என்று அம்மா சொல்வாராயின் இன்னும் 5 நிமிடம் வேண்டும். மணி மென்மையாகவும், அதே வேளை பல்லுக்குச் சற்று இழுபடுவதாகவும் இருப்பதே பதம். குழைந்துவிட்டாற் கஞ்சியாகும்.

மணியினுள் இருக்கும் மாப்பொருள் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் நீரை உறிஞ்சி வீங்கி மென்மையாகிறது. அதுவே வேகுதல். வெந்ததும் நீரை வடித்து, அகன்ற தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே மேலும் வெந்து ஒட்டிக்கொள்ளும். வடித்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். சிறிது தேசிக்காய்ப் புளியும் சர்க்கரையும் சேர்த்தால் அதுவே பார்லித் தண்ணீர்.

இரண்டாம் படி: மரக்கறியைச் சுடுதல்

போறணையை 220 பாகை செல்சியசுக்குச் சூடாக்குங்கள். உள்ளே காற்றுச் சுழலும் போறணையாயின் 200 பாகை போதும். கரட், பூசணி ஆகியவற்றை 2 சதமமீற்றர்த் துண்டுகளாக வெட்டுங்கள். பீற்றூட் மெதுவாக வேகும்; ஆதலால் அதைச் சற்றுச் சிறிதாக வெட்ட வேண்டும். வெங்காயம் விரைவிற் கருகும். ஆதலால் அதைப் பெரிய கீலங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு காயின் இயல்பையும் அறிந்து வெட்டினால் எல்லாம் ஒரே நேரத்திற் பதமாகும்.

3 மேசைக்கரண்டி எண்ணெய், சீரகம், மிளகு, உப்பு ஆகியவற்றைத் துண்டுகளிற் பூசித் தட்டில் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கக் கூடாது. இடம் போதாவிடின் இரண்டு தட்டுகளைப் பயன்படுத்துங்கள். பீற்றூட்டை ஒரு மூலையிற் தனியே வையுங்கள். உள்ளியைத் தோலுடனேயே வையுங்கள். 15 நிமிடம் கழித்து எல்லாவற்றையும் ஒருமுறை பிரட்டி, உள்ளியை எடுத்துவிட்டு, மேலும் 15 முதல் 20 நிமிடம் சுடுங்கள். ஓரங்கள் பொன்னிறமாகவும், கரண்டியால் அழுத்தினால் உள்ளே மென்மையாகவும் இருக்க வேண்டும்.

துண்டுகளை நெருக்கி வைக்கலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. நீர் 100 பாகையிற் கொதிக்கிறது. காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் அதற்குமேல் ஏறாது. காய்கள் பொன்னிறமாகி மணம் வீசுவதற்கு ஏறத்தாழ 140 பாகை வேண்டும். அவ்வெப்பத்திற் காயிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இணைந்து புதிய நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. லூயி கமீல் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதனை விவரித்தார். இன்றும் அத்தாக்கம் அவர் பெயராலேயே வழங்குகிறது. நெருக்கமாக வைத்தால் எழும் ஆவி வெளியேற இடமின்றித் தங்கிவிடும். காய் சுடப்படாது அவிந்துவிடும். அவித்த கரட்டுக்கும் சுட்ட கரட்டுக்கும் சுவை வேறுபடுவது இதனாலேயே.

பீற்றூட்டைத் தனியே வைப்பதற்கும் காரணம் உண்டு. அதன் சிவப்பு நிறப்பொருள் நீரிற் கரையும். தொட்ட எல்லாவற்றையும் சிவப்பாக்கும். கரட்டின் செம்மஞ்சள் நிறப்பொருளோ நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். அதனாலேயே கரட்டைச் சிறிதளவு எண்ணெயுடன் உண்ணும்போது அதிலுள்ள சத்தை உடல் நன்றாக ஏற்கிறது.

மூன்றாம் படி: பிரட்டுதல்

சுட்ட உள்ளியின் தோலைப் பிதுக்கினால் உள்ளிருப்பது களிபோல வெளியே வரும். அதனை மசித்து, எஞ்சிய 3 மேசைக்கரண்டி எண்ணெய், தேசிக்காய்ப் புளி, தேன், சிறிது உப்பு ஆகியவற்றோடு ஒரு சிறு போத்தலில் இட்டு மூடிக் குலுக்குங்கள். வாற்கோதுமை இளஞ்சூடாக இருக்கும்போதே இதனை ஊற்றிப் பிரட்டுங்கள். சூடு உள்ளபோது மணி புளியையும் உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முற்றாக ஆறியபின் ஊற்றினாற் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். பின்னர் கொண்டைக்கடலை, சுட்ட மரக்கறி, மல்லியிலை ஆகியவற்றைச் சேர்த்து, பீற்றூட்டைக் கடைசியாகக் கலந்துவிடுங்கள்.

நம் நாவுக்கு ஏற்பச் சிறு மாற்றமும் செய்யலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயிற் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து மேலே கொட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூரிய கத்தியும் சூடான தட்டும் பெரியோர் அருகில் நிற்கும்போது மட்டுமே பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும்.

அடுக்களை வினைச்சொற்கள்

சமைத்தல் என்ற ஒரு சொல்லால், அல்லது அதனினும் வறியதான "குக் பண்ணுதல்" என்ற கலப்புச் சொல்லால், எல்லாவற்றையும் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே பரவிவருகிறது. தமிழிலோ வெப்பம் எவ்வழியாக உணவைச் சேர்கிறது என்பதற்கேற்ப வெவ்வேறு சொற்கள் உள்ளன.

அவித்தல்: நீரிலோ நீராவியிலோ வேகச் செய்தல். புட்டு, இடியப்பம், கிழங்கு ஆகியவற்றை அவிக்கிறோம்.
காய்ச்சுதல்: நீர்மமாக உள்ளதைக் கொதிக்கச் செய்தல். பாலையும் கஞ்சியையும் காய்ச்சுகிறோம்.
வடித்தல்: வெந்தபின் நீரைப் பிரித்தல்.
வறுத்தல்: வெறும் சட்டியிலோ மிகக் குறைந்த எண்ணெயிலோ கிளறிச் சூடாக்குதல். மாவையும் மிளகாயையும் வறுக்கிறோம்.
வதக்குதல்: சிறிது எண்ணெயில் வாடும்வரை கிளறுதல்.
பொரித்தல்: நிறைந்த எண்ணெயில் இட்டெடுத்தல். அப்பளத்தையும் மீனையும் பொரிக்கிறோம்.
வாட்டுதல்: அனலில் சற்றுக் காட்டி இளக்குதல். வாழையிலையை வாட்டுகிறோம்.
சுடுதல்: தணலிலோ சூடான கல்லிலோ வேகச் செய்தல். தோசையையும் அப்பத்தையும் சுடுகிறோம்.
தாளித்தல்: சூடான எண்ணெயிற் கடுகு முதலியவற்றை வெடிக்கவிட்டு உணவிற் சேர்த்தல்.

அப்படியாயின் போறணையில் வைப்பதை எச்சொல்லாற் குறிப்பது? நீர் இல்லை, எண்ணெய் சிறிதே, சூழ்ந்துள்ள வறண்ட வெப்பமே வேலை செய்கிறது. ஆகவே சுடுதல் என்பதே பொருந்தும். ஊரில் அடுப்புத் தணலிற் கத்தரிக்காயைச் சுட்டுத் தோலை உரித்துச் சம்பல் செய்தோம். வற்றாளங்கிழங்கைச் சாம்பலுட் புதைத்துச் சுட்டோம். மரக்கறியைச் சுட்டு உண்ணும் முறை நமக்குப் புதிதன்று. அடுப்பு மட்டுமே புதிது. அந்த அடுப்பின் பெயராகிய போறணையும், பாண், குசினி என்பனவும் போர்த்துக்கேயரிடமிருந்து நம் பேச்சுக்குள் வந்து நிலைத்த சொற்கள். புதிய பொருள் வரும்போது புதிய பெயரும் வரலாம். வினைச்சொல்லைக் கைவிடாதவரை மொழிக்கு இழப்பில்லை.

தன்வினை, பிறவினை வேறுபாட்டையும் இங்கேயே கற்கலாம். வாற்கோதுமை அவிந்தது, அப்பா அவித்தார். வெங்காயம் வாடியது, அக்கா வாட்டினாள். கலவை ஆறியது; தம்பி ஆற்றினான். மிளகு சேர்ந்தது, அம்மா சேர்த்தார். முதலாவது தானே நிகழ்வது. இரண்டாவது ஒருவர் நிகழ்விப்பது. கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது கடினமாகத் தோன்றும் இப்பாடம், கையிற் கரண்டி இருக்கும்போது இலகுவாகிவிடும்.

உடல்நலம் பற்றி

ஒஸ்லோவில் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் குடிவந்தோரிடையே நடைபெற்ற உடல்நல ஆய்வில், இலங்கையிலிருந்து வந்தோரிடையே நீரிழிவு இந்நாட்டவரைவிட மிகக் கூடுதலாகக் காணப்பட்டது. நம் குடும்பங்களில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. உடலுழைப்புக் குறைந்த வாழ்வில் வேளைதோறும் வெள்ளரிசிச் சோற்றை மிகுதியாக உண்பது இதற்குத் துணைபோகிறது.

வாற்கோதுமையில் பீற்றா குளுக்கன் என்னும் கரையும் நார்ப்பொருள் உண்டு. அது குடலிற் களிபோலாகி, சர்க்கரை இரத்தத்திற் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உட்கொண்டால் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோல் குறைய உதவும் என்பதை ஐரோப்பிய, அமெரிக்க உணவு அதிகார அமைப்புகள் ஏற்றுள்ளன. இந்நார் மணியின் தோலில் மட்டுமன்றி உள்ளேயும் பரவியிருப்பதால், தீட்டிய வாற்கோதுமையிலும் பெருமளவு எஞ்சி நிற்கிறது. எனினும் இது மருந்தன்று. மருந்து எடுப்போர் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

வாற்கோதுமையிற் குளூட்டன் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள் இதனை உண்ணலாகாது. அவர்களுக்குச் சாமை, தினை, வரகு ஆகியவற்றால் இதே கலவையைச் செய்யலாம். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் உலகெங்கும் பேசப்பட்ட கூலங்கள், நம் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் உரியவையே. அவை வாற்கோதுமையிலும் விரைவாக வேகும். 15 நிமிடம் கடந்ததுமே பதம் பார்க்கத் தொடங்குங்கள்.

எஞ்சியதைப் பேணுதல்

அவித்த தானியத்தை வெளியே நெடுநேரம் வைக்கலாகாது. வெப்பத்துக்கும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதில் எஞ்சியிருந்து, இளஞ்சூட்டிற் பெருகி, வயிற்றைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் உண்டு முடியுங்கள். காலையில் எடுத்துப் பாடசாலைப் பெட்டியில் இடும்போது மேலும் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டாற் சுவை புதுப்பிக்கும். பாடசாலையில் எவருக்கேனும் கச்சான் ஒவ்வாமை இருக்கலாம். ஆதலால் கச்சானுக்குப் பதிலாக வறுத்த சூரியகாந்தி விதையைத் தூவுங்கள்.

வீணாக்குவது பற்றி ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், அரிசியும் நீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சிக்காகக் கையிற் பாத்திரத்துடன் வரிசையில் நின்றவர்கள் இன்று உங்கள் பெற்றோராகவும் உறவினராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். அவர்கள் தட்டிற் கிடக்கும் கடைசி மணியையும் வழித்து உண்பதைக் கண்டு நீங்கள் சிரித்திருக்கலாம். ஒரு பிடி கூலத்தின் பெறுமதியை அவர்கள் அறிவர். அவர்களிடம் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். சிலர் சொல்வர், சிலர் பேசாதிருப்பர். பேசாதிருப்பவரை வற்புறுத்த வேண்டாம். அவரோடு அமர்ந்து உண்ணுங்கள்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இதனைச் செய்யும் நாளில் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, அவசரமில்லாத நாளைத் தெரிந்தெடுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் மாலையிற் பொறுமை இராது, ஞாயிற்றுக்கிழமை பொருத்தமானது.

இரண்டாவது, பிள்ளை வழு விடும்போது சொல்லைத் திருத்துங்கள். பிள்ளையைத் திருத்த முற்படாதீர்கள். "தண்ணியை எடு" என்று வடித்தலைக் குறித்துப் பிள்ளை சொன்னால், "ஓம், வடிப்பம்" என்று மறுமொழி கூறினாற் போதும். சரியான சொல் காதில் விழுந்துவிட்டது. சிரித்தாலோ கடிந்தாலோ அடுத்த தடவை அப்பிள்ளை நோர்வே மொழிக்குட் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும்.

மூன்றாவது, உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பொதியில் என்ன எழுதியிருக்கிறது, போறணையின் அடையாளங்களில் எது காற்றைச் சுழற்றுவது என்பவற்றைப் பிள்ளை விளக்கட்டும். கற்பிப்பவராக நிற்கும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு கடமையாகத் தோன்றாது. தன் அறிவை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லும் கருவியாகத் தோன்றும். இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்கு அந்தத் தேவையை உண்டாக்கிக் கொடுப்பதே நம்மால் ஆகக்கூடிய பெரிய உதவி. தேவையுள்ள மொழியை எவரும் எளிதிற் கைவிடார்.

பயிற்சி

1. பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக: பால் + குடம், கடல் + கரை, வால் + கோதுமை.
2. வறுத்தல், வதக்குதல், பொரித்தல் ஆகியவற்றின் வேறுபாட்டை வீட்டிற் செய்யும் உணவுகளை எடுத்துக்காட்டி விளக்குக.
3. ஆறியது, வாடியது, அவிந்தது ஆகியவற்றின் பிறவினை வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க.
4. மரக்கறித் துண்டுகளை நெருக்கமாக வைத்தால் பொன்னிறம் பெறாதது ஏன்? நான்கு வாக்கியங்களில் எழுதுக.
5. வாற்கோதுமைப் பொதியிலுள்ள நோர்வே மொழிக் குறிப்பைத் தமிழில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுக. அவர் மாற்றச் சொன்ன சொற்களின் கீழ்க் கோடிடுக.
6. உங்கள் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா ஆகியோருள் ஒருவரிடம், அவர் சிறுவயதில் உண்ட கூலங்கள் எவை என்று கேட்டு ஒரு பந்தி எழுதுக.

விடைகளை அடுத்த தவணையின் முதல் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கலவையைச் செய்தவர்கள் ஒரு சிறு பெட்டியில் அதனையும் கொண்டு வரலாம். வகுப்பில் எல்லோரும் பகிர்ந்துண்போம்.